வேட்டைக்குச் சின்ன பைனாகுலர்: 10×25, 8×32, 10×32 இதில் எது?

புதர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். இப்போது கையில் இருப்பது ஒரு 10×42, அதாவது பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன்லென்ஸின் விட்டம் 42 மி.மீ. படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எடை முக்கால் கிலோ. காலையில் கழுத்தில் மாட்டினால் மத்தியானத்துக்குள் பிடரி கனத்துப்போகிறது. குனிந்து புதருக்குள் நுழையும்போது தொங்கி ஆடி, துப்பாக்கிக் கட்டையில் டக்கென்று இடிக்கிறது. அந்தச் சத்தம் ஒன்று போதும், மான் போய்விடும்.

மானுக்கும் காட்டுப்பன்றிக்கும்தான் போவேன். அடர்ந்த காடு. நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் எல்லாம் முடிந்துவிடும். எப்போதாவது காட்டோரத் திறந்தவெளியில் முந்நூறு மீட்டர் வரை பார்க்க வேண்டி வரும். பாதி நேரம் நடை, பாதி நேரம் உட்கார்ந்து காத்திருப்பது.

நடுத்தர விலையில் தேடுகிறேன். மலிவுச் சரக்கு வேண்டாம், உச்சியில் இருக்கும் ஜெர்மன், ஆஸ்திரியக் கண்ணாடிகளுக்கும் கை எட்டாது. மனதில் இருப்பவை மூன்று: சட்டைப்பையில் மடித்து வைக்கிற 10×25, ஒரு 8×32, ஒரு 10×32. மூக்குக்கண்ணாடி போடுகிறவன் நான், கழற்றினால் ஒன்றும் தெரியாது. எது எடுக்கலாம்?

விடிகாலை:
10×25ஐ முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 10×25க்கு 2.5 மி.மீ. 8×32க்கு 4 மி.மீ. நடுப்பகலில் நம் கண்மணி 2, 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும், அப்போது எதில் பார்த்தாலும் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. கடையில் எல்லாரும் பார்ப்பது அந்த வெளிச்சத்தில்தான். அதனால்தான் குட்டி பைனாகுலர் அங்கே அவ்வளவு அழகாகத் தெரிகிறது. ஆனால் மான் வெளியே வருவது விடிவதற்குச் சற்று முன்பும் பொழுது சாய்ந்த பிறகும். அந்நேரம் கண்மணி 5, 6 என்று விரிந்திருக்கும். 2.5 மட்டுமே தருகிற கண்ணாடியில் மரத்தடி முழுக்க ஒரே கருப்பு.

இன்னொன்றையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பழைய 10×42 தருவது 4.2. அதாவது 8×32க்கு மாறினால் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட ஒன்றையும் இழக்கவில்லை. எடை மட்டும் அரைக் கிலோ அளவுக்கு வந்துவிடும்.

பாறைமேடு:
விடிகாலை சொல்வது சரி, ஆனால் பாதிதான் சரி. வெளிச்சம் சமமாக இருந்தாலும் 10இல் உருவம் பெரிதாகத் தெரியும், மங்கலில் அதுவும் உதவும். இருட்டில் எவ்வளவு விவரம் தெரியும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: உருப்பெருக்கத்தையும் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 8×32க்கு 16. 10×32க்கு 17.9. 10×42க்கு 20.5. எனவே பெரியதை விட்டு வரும்போது ஒன்றும் இழக்கவில்லை என்று சொல்ல முடியாது.

நான் மலைச்சரிவில் உட்கார்ந்து எதிர்ச்சரிவைப் பார்க்கிறவன். கொம்பில் எத்தனை கிளை என்று எண்ணிய பிறகுதான் சுட அனுமதி உள்ள இடங்களில் 8ஐ வைத்துக்கொண்டு தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். என் ஓட்டு 10×32க்கு.

ஒற்றைப்பனை:
பாறைமேடு தம்பி, அந்த வர்க்கமூலக் கணக்கை அப்படியே 10×25க்கும் போட்டுப் பாருங்கள். 15.8 வரும். 8×32க்கு 16. அந்த எண்ணை நம்பினால் இரண்டும் ஒன்றுதான் என்று ஆகிறது. ஒரு சாயங்காலம் இரண்டையும் காட்டோரம் எடுத்துப்போய் மாறி மாறிப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஒளிவட்டம் ஓரளவு பெரிதாக இருந்தால்தான் அந்தக் கணக்குக்கே அர்த்தம். தவிர, லென்ஸ் நல்லதா மட்டமா என்பது அதில் எங்கேயும் வராது. மட்டமான 10×42க்கும் உயர்ந்த 10×42க்கும் ஒரே எண்தான்.

வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இளம் கண்ணில் கண்மணி இருட்டில் 7 மி.மீ. வரை விரியலாம். ஐம்பதைத் தாண்டிய பலருக்கு 5ஐத் தாண்டுவதே கஷ்டம். என் போன்றவர்களுக்கு 8×42 தருகிற 5.25தான் உச்சவரம்பு, அதற்கு மேல் போனால் மிச்ச வெளிச்சம் கண்மணிக்கு வெளியே வீண். புதர்வாசியின் வயது தெரியாது. இளைஞராக இருந்தால் 4க்கும் 5க்கும் இடையிலான வித்தியாசம் அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

மூச்சிரைப்பு:
பாறைமேடு அண்ணனுக்கு உட்காரப் பாறை இருக்கிறது, முழங்கையை ஊன்ற முட்டி இருக்கிறது. எனக்கு ஏற்றம் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டே நின்று பார்க்க வேண்டும். 10இல் மான் டான்ஸ் ஆடுகிறது. 8இல் நிற்கிறது. அவ்வளவுதான் என் அறிவியல்.

பாறைமேடு:
@மூச்சிரைப்பு, சிரித்துவிட்டேன். ஆனால் அது நியாயமான பேச்சு. எடை குறைந்த பைனாகுலரில் கை நடுக்கம் இன்னும் கூடுதலாகத் தெரியும், கனமானது தன் கனத்தாலேயே கொஞ்சம் அமைதியாக இருக்கும். 10×32 எடுக்கிறவர்கள் எதன் மேலாவது சாய்த்துப் பார்க்கப் பழகியவர்களாக இருக்க வேண்டும். அடர்காட்டில், நின்ற இடத்தில், நூறு மீட்டரில் என்றால் என் ஓட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். முந்நூறு மீட்டரில் ஆணா பெண்ணா என்று பார்க்க நல்ல 8 தாராளமாகப் போதும்.

சருகு:
அடர்காட்டில் 8 என்பதற்கு வெளிச்சத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, யாரும் இன்னும் சொல்லவில்லை.

காட்டுக்குள் முழு மான் தெரிவதில்லை, துண்டுதான் தெரியும். நான் செய்வது இது: ஒரே இடத்தில் பைனாகுலரை நிறுத்திவைத்து, ஃபோகஸ் சக்கரத்தை மட்டும் விரல்நுனியால் மெல்ல உருட்டுவேன். முன்னால் உள்ள கிளை மங்கி மறைந்துவிடும், அதற்குப் பின்னால் இருக்கிற இலைகள் தெளியும், இன்னும் உருட்டினால் அடுத்த அடுக்கு. அப்படி அடுக்கடுக்காகப் போகும்போது, எல்லாமே நெட்டுக்குத்தாக நிற்கிற மரங்களுக்கு நடுவே ஒரு படுக்கைக்கோடு தெரியும். அது முதுகு. அல்லது இலை அசையாத இடத்தில் ஒரு காது மட்டும் துடிக்கும். வெறுங்கண்ணுக்கு அது வெறும் பழுப்புப் புதர்.

இதற்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, அகலமான பார்வைப் பரப்பு. 8×30, 8×32இல் ஆயிரம் மீட்டர் தூரத்தில் 130 முதல் 145 மீட்டர் அகலம் வரை கிடைக்கும். 10×25 வகையில் பெரும்பாலும் நூறு மீட்டரை ஒட்டித்தான். இரண்டாவது, சக்கரம் வெண்ணெயாக உருள வேண்டும். எங்கேயும் பிடிக்கக் கூடாது, முன்னும் பின்னும் திருப்பும்போது லொடலொடக்கவும் கூடாது. பெட்டியில் எந்த எண்ணும் இதைச் சொல்லாது. கையுறையோடு உருட்டிப் பார்த்துதான் வாங்க வேண்டும்.

புதர்வாசி:
நன்றி. 10×25ஐ அடித்துவிட்டேன், 10×32ஐயும் ஏறக்குறைய அடித்தாயிற்று. @ஒற்றைப்பனை ஐயா, வயது நாற்பத்துச் சொச்சம், நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். @சருகு சொன்ன சக்கர விஷயம் எனக்குப் புதிது, இன்றே பழைய 10×42இல் செய்து பார்க்கப் போகிறேன்.

மூக்குக்கண்ணாடிதான் இப்போது கவலை. கடையில் ஒரு 8×32ஐ எடுத்துப் பார்த்தேன், சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

நாலுகண்ணன்:
வாருங்கள், நம் ஜாதி.

பைனாகுலரின் பின்லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளிக் கண்ணை வைத்தாலும் முழுப்படம் தெரியும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. ஐ ரிலீஃப் என்று பெட்டியில் போட்டிருப்பான். நமக்குக் குறைந்தது 15, 16 மி.மீ. வேண்டும். தடித்த லென்ஸ், முகத்திலிருந்து தள்ளி நிற்கிற ஃபிரேம் என்றால் 17, 18. இதில் ஒரு சூது உண்டு. லென்ஸ் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். சொல்லப்படும் தூரம் பெரும்பாலும் லென்ஸின் முகத்திலிருந்து அளந்தது, ரப்பர் விளிம்பிலிருந்து அல்ல. அதனால் 16 என்று போட்டிருந்தாலும் நமக்குக் கிடைப்பது 13ஆக இருக்கலாம். அதே 16 போட்ட இன்னொன்றில் முழுப்படமும் கிடைக்கும்.

ஐகப்பை, அதாவது பின்லென்ஸைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை, முழுக்க உள்ளே திருகிவிட்டு, மூக்குக்கண்ணாடியோடு பாருங்கள். வட்டத்தின் கருப்பு விளிம்பு சுற்றிலும் கூர்மையாகத் தெரிகிறதா? தெரிந்தால் அது உங்களுக்கு ஆகும். தெரியாவிட்டால் எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்காதீர்கள். நீங்கள் பார்த்த அந்தக் கடைப் பைனாகுலரில் ஐகப் வெளியே இழுத்திருந்ததா என்றும் யோசித்துப் பாருங்கள். எடுத்துக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் அப்படியே கையில் கொடுத்துவிடுவார்கள்.

புதர்வாசி:
ஐகப்பா? அதைத் திருகலாம் என்று அங்கே யாரும் சொல்லவே இல்லையே!

ஒற்றைப்பனை:
நடுத்தர விலையில் காசு எங்கே போகிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே பெட்டியைப் படித்துக்கொள்ளலாம்.

இந்த அளவில் வருகிற எல்லாமே ஏறக்குறைய நேர்க்குழாய் வடிவம், அதாவது ரூஃப் பிரிசம். கையடக்கமாக இருப்பது அதனால்தான். ஆனால் அந்தப் பிரிசத்துக்கு இரண்டு வியாதி உண்டு. உள்ளே ஒளி இரண்டாகப் பிரிந்து திரும்பச் சேரும்போது தாளம் தப்பிச் சேரும், படத்தின் கூர்மை குறையும். இதைச் சரிசெய்ய ஃபேஸ் கோட்டிங் என்று ஒரு பூச்சு. 1988இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் கொண்டுவந்தது, இன்று நடுத்தர விலையில் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது நடுத்தரம் இல்லை.

இரண்டாவது, அந்தப் பிரிசத்தின் ஒரு முகத்தில் ஒளி தானாகத் திரும்பாது, கண்ணாடிப் பூச்சு பூச வேண்டும். அலுமினியம் பூசினால் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் அங்கேயே போய்விடும். வெள்ளி அதைவிட நல்லது. டைஎலெக்ட்ரிக் பூச்சு 99 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். பகலில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, பொழுது சாயும்போது தெரியும். என்னைக் கேட்டால் ஈடி கண்ணாடியைவிட இதற்குத்தான் முதலில் காசு கொடுப்பேன். ஈடி இருந்தால் வானத்தை ஒட்டிய கிளையின் ஓரத்தில் தெரிகிற ஊதா, பச்சை விளிம்பு குறையும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஊதா விளிம்பால் யாரும் மானைத் தவறவிட்டதில்லை.

லென்ஸ் பூச்சில் 'முழு மல்டிகோட்டட்' என்ற வார்த்தையைத் தேடுங்கள். 'மல்டிகோட்டட்' என்று மட்டும் போட்டிருந்தால் சில பரப்புகளில் மட்டும் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். பூசாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். உள்ளே அப்படி எத்தனை பரப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

சருகு:
பெட்டியை நம்பாமல் கண்ணாலேயே பார்க்கவும் வழி இருக்கிறது. பைனாகுலரைத் திருப்பி, முன்லென்ஸுக்குள் கூரைவிளக்கின் பிம்பம் விழும்படி சாய்த்துப் பாருங்கள். உள்ளே ஒன்றன்பின் ஒன்றாகப் பல குட்டி விளக்குகள் தெரியும். பச்சை, ஊதா, செம்பு நிறத்தில் மங்கலாக இருந்தால் அங்கே பூச்சு இருக்கிறது. நடுவில் ஒன்று மட்டும் பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தால் அந்தப் பரப்பு மொட்டை.

அடுத்து, பைனாகுலரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து வெளிச்சமான சுவரைப் பாருங்கள். பின்லென்ஸில் இரண்டு வெள்ளை வட்டங்கள் மிதக்கும். உருண்டையாக இருக்க வேண்டும், வட்டத்தைச் சுற்றிக் கருப்பாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டிருந்தாலோ, சுற்றிலும் சாம்பல் பளபளப்பு இருந்தாலோ தள்ளி வையுங்கள். அந்தப் பளபளப்புதான் தாழ்ந்த சூரியனுக்குப் பக்கத்தில் பார்க்கும்போது படம் முழுக்கப் பால் ஊற்றினாற்போல் வெளுக்க வைக்கும். விடியலில் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருப்பவனுக்கு இதைவிட எரிச்சல் வேறில்லை. சிறிய பைனாகுலர்களில் இது அதிகம், அரை இஞ்ச் இடத்துக்குள் எல்லாவற்றையும் திணிக்கிறார்கள் அல்லவா. தெரு விளக்குக்குச் சற்றுக் கீழே இருட்டைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். சூரியனை மட்டும் எக்காரணம் கொண்டும் நேரே பார்க்காதீர்கள்.

சட்டைப்பை:
எல்லாரும் சேர்ந்து பாக்கெட் வகையை இப்படிக் கழுவி ஊற்றுகிறீர்களே. நான் வில் வேட்டைக்காரன். முப்பது, நாற்பது மீட்டருக்குள் வராத மானை நான் சுடுவதே இல்லை. என்னிடம் இருப்பது ஸைஸ் டெர்ரா ஈடி பாக்கெட், 8×25. எடை 310 கிராம். மரத்தில் ஏறும்போது சட்டைப்பையில் இருப்பதே தெரியாது. ஒளிவட்டம் 3.1 வருகிறது, 10×25இன் 2.5 இல்லை. வீட்டில் பத்திரமாக இருக்கிற 8×42ஐவிட என் பையில் இருக்கிற 8×25 நல்லது.

விடிகாலை:
@சட்டைப்பை, உங்கள் வேட்டைக்கு நூற்றுக்கு நூறு சரி. புதர்வாசிதான் முந்நூறு மீட்டரையும் கேட்கிறார். 25இலிருந்து 32க்குப் போனால் உள்ளே வரும் ஒளி ஒன்றரை மடங்குக்கும் மேல். கூடுதல் எடை நூற்றைம்பது, இருநூறு கிராம். சட்டபூர்வ வேட்டை நேரம் சூரியன் மறைந்து அரை மணி வரை என்று பல இடங்களில் இருக்கிறது. அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் அந்த இருநூறு கிராமை யாரும் குறை சொல்வதில்லை.

கட்டைமரம்:
குறுக்கே ஒரு பழங்காலத்து ஆள். ஏன் யாரும் 6ஐப் பற்றிப் பேசுவதில்லை? பழைய போரோ வடிவ (குழாய் நேராக இல்லாமல் படி வைத்தாற்போல் விலகி நிற்கும்) 6×30 தருகிற ஒளிவட்டம் 5 மி.மீ. அந்தப் பிரிசத்துக்குக் கண்ணாடிப் பூச்சும் வேண்டாம், ஃபேஸ் கோட்டிங்கும் வேண்டாம், அதே காசுக்குப் படம் ஒரு படி மேலேயே இருக்கும். ரூஃப்தான் வேண்டுமென்றால் கோவா (Kowa) நிறுவனத்தின் BD வரிசையில் 6.5×32 ஒன்று இருக்கிறது, பார்வைப் பரப்பு 10 பாகை. காட்டுக்குள் அதில் பார்த்தால் குழாய் வழியாகப் பார்க்கிற உணர்வே வராது. கை நடுங்குகிறவர்களுக்கு வரப்பிரசாதம்.

மூச்சிரைப்பு:
6.5ஆ! ஐயா, இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

பாறைமேடு:
6இல் முந்நூறு மீட்டரில் கொம்பு எண்ணுகிறவருக்கு நான் மாலை போடுகிறேன்.

கட்டைமரம்:
எண்ண வேண்டாம் தம்பி, அங்கே மான் இருக்கிறது என்று தெரிந்தால் கிட்டே போய் எண்ணிக்கொள்ளலாம். அதற்குப் பெயர்தான் வேட்டை.

நாலுகண்ணன்:
இனி மாடல் பெயர்களுக்கு வருவோம். நான் மூக்குக்கண்ணாடியோடு பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

நிக்கான் மோனார்க் எம்7 8×30: பார்வைப் பரப்பு 8.3 பாகை, ஆயிரம் மீட்டருக்கு 145 மீட்டர். இந்த எடையில் இவ்வளவு அகலம் அபூர்வம். ஐ ரிலீஃப் 15ஐ ஒட்டித்தான், என் ஃபிரேமில் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படுகிறது. ஒல்லியான ஃபிரேம்காரர்களுக்குச் சரியாக இருக்கலாம். டயாப்டருக்கு (இரு கண்களின் பார்வை வித்தியாசத்தைச் சரிசெய்யும் வளையம்) பூட்டு உண்டு, அது ஒரு வசதி.

வார்டெக்ஸ் டைமண்ட்பேக் எச்டி 8×32: ஐ ரிலீஃப் 16, எனக்கு நன்றாக ஒத்துப்போனது. ஓரத்தில் கூர்மை சற்று இறங்குகிறது, நடுவில் குறையில்லை. இவர்களின் ஆயுள்கால உத்தரவாதம் யார் கையில் இருந்தாலும் செல்லும், பழசாக வாங்கினாலும். இந்த மூன்றில் இதுதான் என் கைக்குப் பிடித்தது.

ஸைஸ் டெர்ரா ஈடி 8×32: 135 மீட்டர் அகலம், எடை 510 கிராம். நடுப்பகுதி நல்ல கூர்மை. சக்கரம் வேகமானது, சருகு சொல்வதுபோல் அடுக்கடுக்காகப் பார்க்கிறவருக்குக் கொஞ்சம் தாண்டித் தாண்டிப் போகலாம்.

உங்கள் மூக்கும் உங்கள் ஃபிரேமும் வேறு. மூன்றையும் முகத்தில் வைத்துப் பார்க்காமல் என் பேச்சை நம்பாதீர்கள்.

தூறல்:
உத்தரவாதம் என்றதும் வயிறு எரிகிறது. ஒரு நிறுவனத்தின் 8×32 வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். கீல் தளர்ந்து இரண்டு குழாயும் தானாக விரிய ஆரம்பித்தது. பிறகு பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. அனுப்பினேன், 'வெளி அடி' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாங்கும்போதே கீல் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். தூரத்துக் கூரை விளிம்பைப் பார்த்தபடி பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்லப் பின்னால் இழுங்கள். இரண்டு வட்டத்திலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். படி விழுந்தால் அப்போதே வேறொன்றைக் கேளுங்கள். ஐந்து நிமிடம் பார்த்ததும் கண் இழுக்கிறது, தலை வலிக்கிறது என்றால் அதுவும் இந்தக் கேஸ்தான்.

தண்ணீர் விஷயம்: ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி தாங்கும். உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருந்தால் உள்பக்கம் பனிக்காது. உங்கள் மூச்சுக்காற்று பின்லென்ஸில் பட்டுப் பனிப்பதை எந்த நைட்ரஜனும் தடுக்காது. குளிரில் மூச்சைக் கீழே விட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

விடிகாலை:
இதைச் சொல்லாமல் விட மனசில்லை. சிலர் 'துப்பாக்கியில் ஸ்கோப் இருக்கிறதே, பைனாகுலர் எதற்கு' என்கிறார்கள். ஸ்கோப்பை எதன் பக்கம் திருப்பினாலும் துப்பாக்கி முனையும் அங்கேதான் திரும்புகிறது. புதருக்குள் அசைவது பன்றியா, சக வேட்டைக்காரரா என்று பார்க்கத் துப்பாக்கியை நீட்டுகிற ஆளோடு நான் காட்டுக்கு வரமாட்டேன். முதலில் பைனாகுலர், எது என்று உறுதியான பிறகுதான் ஸ்கோப்.

சருகு:
@புதர்வாசி, கட்டையில் இடிக்கிற பிரச்சினைக்குப் பாதி மருந்து வார்தான். கழுத்துப் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு தோளிலும் மாட்டுகிற மார்பு வார் வாங்குங்கள். எடை தோளுக்குப் போய்விடும், குனிந்தாலும் மார்போடு ஒட்டி நிற்கும். இன்னொரு பைனாகுலர் வாங்குவதற்கு முன்னால் பழைய 10×42ஐ அதில் மாட்டி ஒரு நாள் நடந்து பாருங்கள். புதிதே வேண்டாம் என்றுகூடத் தோன்றலாம்.

புதர்வாசி:
வார் வாங்கி 10×42ஐ மாட்டி நடந்து பார்த்தேன். இடிப்பது நின்றுவிட்டது, அதற்கே சருகு அவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் முகத்துக்குத் தூக்கி அதிக நேரம் பிடிக்கும்போது கை வலிப்பது அப்படியேதான் இருக்கிறது.

பிறகு மாலை வெளிச்சம் இறங்குகிற நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போய், வாசலுக்கு வெளியே நின்று பார்க்க அனுமதி கேட்டேன். ஐகப்பை உள்ளே திருகியதும் 'சாவித்துவாரம்' காணாமல் போயிற்று. எம்7 அகலம் ஆசையாக இருந்தது, ஆனால் நாலுகண்ணன் சொன்ன அதே வெட்டு எனக்கும் தெரிந்தது. டைமண்ட்பேக்கில் கருப்பு விளிம்பு முழுதாகத் தெரிந்தது. பக்கத்தில் 10×32ஐயும் வைத்துப் பார்த்தேன். எதிர்ச்சுவரின் கீழே இருந்த புதர் 8இல் இன்னும் பச்சையாக இருந்தபோது 10இல் சாம்பலாகிவிட்டது. 8×32 எடுத்துவிட்டேன். 10×42 உட்கார்ந்து பார்க்கிற நாளுக்கு இருக்கட்டும்.

ஒரே ஒரு சந்தேகம். வலது கண்ணுக்கான டயாப்டர் வளையம் வாரில் உரசி நகர்ந்துகொண்டே இருக்கிறது. பூட்டு இல்லை.

நாலுகண்ணன்:
இடது கண்ணை மட்டும் திறந்து நடுச்சக்கரத்தால் ஃபோகஸ் செய்யுங்கள். அப்புறம் வலது கண்ணால் அதே பொருளைப் பார்த்து வளையத்தைத் திருப்புங்கள். சரியானதும் வளையத்துக்கும் குழாய்க்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டால் ஒரு மெல்லிய கோடு போட்டுவிட்டு, மேலே கருப்பு டேப்பை ஒரு சுற்று ஒட்டுங்கள். டேப் கழன்றாலும் கோட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

மூச்சிரைப்பு:
அந்த 6.5×32ஐ யாராவது பழசாக விற்பதாக இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பவும்.